ஒற்றை முட்டைப் புறாவுக்காக ஒலிபெருக்கி பிடித்த கதை

கிழமை 42, அதாவது வருடத்தின் நாற்பத்திரண்டாவது வாரம், என்றால் டென்மார்க்கில் பள்ளிக்கூடங்களுக்கு இலையுதிர்கால விடுமுறை. (இந்த நாட்டில் எதைக் கேட்டாலும் தேதி சொல்ல மாட்டார்கள், கிழமையின் இலக்கத்தைத்தான் சொல்வார்கள். பதினெட்டு வருடமாக நானும் பெரிதாகத் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் எண்ணிப் பார்க்கிறேன்.) இந்த வருடம், அதாவது 2009இல், அந்த விடுமுறைக்குள் வந்த சனிக்கிழமை கோல்டிங்கிலிருந்து வடக்கே ஓல்போர்க் பக்கம் போய் வந்தோம். போனது ஒரு புறாவைப் பார்க்க. “புறா பார்க்க இருநூறு கிலோமீற்றரோ, உங்கட ரயில் நிலையத்தில நிக்கிறது என்ன கோழியோ?” என்று கேட்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். என் கணவரும் அதைத்தான் கேட்டார்.

காரணங்கள் இரண்டு. ஒன்று, மகள் ஆரணிக்குப் பள்ளிக்கூடத்தில் வலசை போகும் பறவை ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் எல்லோரும் நாரையையும் வாத்தையும் எடுக்க, இவள் ஆஸ்திரேலியாவின் வடக்குத் தீவுகளில் முட்டையிடும் ஒரு வெள்ளைப் புறாவை எடுத்தாள். பதினான்கு வயது. எல்லோரும் செய்வதைச் செய்தால் உயிர் போய்விடும் என்கிற வயது.

இரண்டாவது காரணம் ராசன் அண்ணை. எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிறார், மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. அவருடைய மனைவி மலர் அக்கா, சமாதானக் காலத்தில் வன்னிக்குத் தன் தாயைப் பார்க்கப் போனவர், மறுபடி போர் தொடங்கிப் பாதை பூட்டி அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். இந்த வருடம் தை மாதத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வான் வண்டியில் கொப்பன்ஹேகன் போய்ப் போரை நிறுத்தச் சொல்லிக் கத்தினோம். ராசன் அண்ணைதான் முன்னால் நின்று கத்துவார், நாங்கள் பின்பாட்டு. அவருக்கு ஒலிபெருக்கி கொடுத்ததே வீண் செலவு, அந்தக் குரலுக்கு அது தேவையில்லை. மே மாதம் போர் முடிந்தது. அதோடு அவர் பேச்சும் முடிந்தது. மலர் அக்கா உயிரோடு வவுனியா முகாமில் இருக்கிறார் என்று ஆனியில் தகவல் வந்தபோதும் மனிதர் “ஓம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலர் அக்கா யாருடையதோ ஒரு கைத்தொலைபேசியிலிருந்து ஒரு மணி அடித்து வைத்துவிடுவார். நாங்கள் திருப்பி எடுக்க வேண்டும். தனியே இருந்து பேசப் பயம் என்று ராசன் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்துதான் பேசுவார். பேசுவார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தொலைபேசிக் கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பார். ஒரு நாள் மலர் அக்கா என்னைக் கூப்பிடச் சொல்லி அழுதார். “தங்கச்சி, நான் இஞ்ச வரிசையில நிண்டு, கெஞ்சி மண்டாடிப் போன் வாங்கிறன். அந்தப் பக்கம் மூச்சுத்தான் கேக்குது. சண்டையெண்டாலும் பிடிக்கச் சொல்லுங்கோ. அந்த மனுசன்ர குரலைக் கேக்காட்டி எனக்கு இஞ்ச ஒண்டுமில்லை.” அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த மனிதரை எப்படியாவது வாய் திறக்க வைக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சோபாவில் வைத்து முடியாது என்பது தெரிந்துவிட்டதால், புறாவோடு அவரையும் சேர்த்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஒன்பது பத்துக்குக் கிளம்பினோம். அந்த எழுபது நிமிடத்தை என் புட்டின் தலையில்தான் என் கணவர் போடுவார், ஆனால் வானின் பின்கதவு பூட்டாமல் அடம்பிடித்ததும் ஒரு காரணம். வசந்தகாலத்துப் பதாகைத் தடிகள், ஒலிபெருக்கி, மழைக்கோட்டுகள் எல்லாம் இன்னும் பின்னால்தான் கிடந்தன. இறக்கி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவற்றுக்கு மேலே புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், முட்டைக் குழம்பு, நாலு போத்தல் தண்ணீர், ஒரு வாழைப்பழச் சீப்பு. இரண்டு மணித்தியாலப் பயணத்துக்கு இது போதுமா என்று இவர் கேட்டார்.

E45 நெடுஞ்சாலையில் நேரே வடக்கு, ஏறக்குறைய 190 கிலோமீற்றர், சுங்கக் கட்டணம் இல்லை. வழியில் ஓர் இடத்தில் நிறுத்தினோம். கழிப்பறை இலவசம், கோப்பி 22 குரோனர், நாங்கள் குடித்தது எங்கள் குடுவைத் தேநீர். வழி முழுவதும் ராசன் அண்ணை இரண்டு வார்த்தை பேசினார். ஒன்று “ஓம்”, மற்றது “வேண்டாம்”. இரண்டும் புட்டைப் பற்றியவை.

இடம் ஓல்போர்க்குக்குப் பதினைந்து கிலோமீற்றர் முன்னால் உள்ள, வெப்பநாட்டுப் பறவைகளையும் பிராணிகளையும் வளர்க்கும் ஒரு தனியார் கண்ணாடிக்கூடம். பெயர் போடவில்லை, ஏனென்று போகப் போகப் புரியும். பெரியவர்களுக்கு 110 குரோனர், பன்னிரண்டு வயதுக்குக் கீழே பாதிக் கட்டணம். இவர் ஆரணியைக் காட்டிப் பதினொரு வயது என்று சொல்லி வாய் மூடவில்லை, அவள் சுத்தமான டேனிஷில், “எனக்குப் பதினான்கு, இவருக்கு எண்ணத் தெரியாது” என்றாள். டிக்கட் கொடுத்த பெண்ணுக்கு நல்ல சிரிப்பு. முழுக் கட்டணம்.

உள்ளே வெப்பம் இருபத்தெட்டுப் பாகை. வெளியே ஆறு. டேனிஷ்காரர்கள் கோட்டைக் கழற்றி, தொப்பியைக் கழற்றி, இதற்கு மேல் எதைக் கழற்றுவது என்று தெரியாமல் சிவந்துபோய் நிற்கிறார்கள். எங்களுக்கோ வந்த இடம் சொந்த வீடு. பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக இந்த நாட்டில் எனக்கு மூக்கில் வியர்த்தது. இவர் ஒரு வாங்கைக் கண்டார், உட்கார்ந்தார், இரண்டு நிமிடத்தில் குறட்டை.

புறாவைச் சொல்கிறேன். நம் ஊர்ப் புறாவை இரண்டு பங்கு பெருப்பித்து, பாலில் தோய்த்து எடுத்து, சிறகு நுனியிலும் வாலிலும் மட்டும் மை தொட்டு வைத்தால் எப்படியோ அப்படி. குரல் அடித்தொண்டையிலிருந்து வருகிறது, “ஊம்… ஊம்” என்று, ஏதோ கதை கேட்டுக்கொண்டு இருப்பவர் போல. பலகையில் எழுதியிருந்ததை ஆரணி எனக்கு வாசித்துக் காட்டினாள். நியூகினி பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்து, வட ஆஸ்திரேலியாவின் கரையோரத் தீவுகளில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். கூடு என்பதும் மரியாதைக்குத்தான், குறுக்கே நாலு சுள்ளி. அதில் ஒரேயொரு முட்டை. தீவில் பாம்பு, பூனைத் தொல்லை குறைவு, ஆனால் சாப்பாடு பெருநிலத்துக் காட்டில். அதனால் ஒன்று முட்டையில் இருக்க, மற்றது கடல் தாண்டிப் போய்ப் பழம் தின்று பின்னேரம் திரும்பி வரும். காட்டுச் சாதிக்காயை முழுதாக விழுங்கி, சதையைச் செரித்துக்கொண்டு, கொட்டையை எங்கேயாவது துப்பிவிடும். அப்படித்தான் காடு வளர்கிறதாம். நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை, இவர் இறைச்சித் தொழிற்சாலையில் பகல் வேலை. வாசலில் சந்தித்து வீட்டுத் திறப்பைக் கைமாற்றிக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது. எனக்கு அந்தப் புறாக்களை உடனே பிடித்துவிட்டது.

வலைக்குப் பின்னால் ஒன்று முட்டையில் இருந்தது. மற்றது பக்கத்துக் கிளையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தது. ராசன் அண்ணை அவற்றின் முன்னால் போய் நின்றவர் அசையவில்லை.

வலையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே பெரிய எழுத்து. ஆரணி வாசித்தாள்: “எங்கள் ஆண் புறா திங்கட்கிழமை எங்களை விட்டு ஜெர்மனிக்குப் போகிறது. வந்து வழியனுப்புங்கள்!” வாசித்துவிட்டுத் தவளை பார்க்கப் போய்விட்டாள். கீழே சின்ன எழுத்தில் இன்னும் ஏழெட்டு வரி இருந்தது. என் மூக்குக்கண்ணாடியில் ஆவி. ராசன் அண்ணைக்கு முதல் வரிக்கு மேல் தேவைப்படவில்லை.

“தகப்பனையோ?” என்றார்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு, “ஓம் அண்ணை, அப்பிடித்தான் போட்டிருக்கு” என்றேன்.

“முட்டை கிடக்கேக்கையோ?”

“ஓம் போல.”

“ரெண்டு பேரும் மாறி மாறி இருந்தாத்தானே தங்கச்சி அது பொரிக்கும்? இது போனா அது தனிய என்ன செய்யும்? எழும்பிச் சாப்பிடப் போகேலாது. போனா முட்டை குளிர்ந்திடும். ஆர் இவைக்கு இந்த உரிமையைக் குடுத்தது? ஒரு குடும்பத்தைப் பிரிக்கிறதெண்டால் ஒரு தாளில எழுதி ஒட்டிப்போட்டுப் போறதோ?”

நான் தடுத்திருக்கலாம். கண்ணாடியைத் துடைத்துக் கீழே இருந்ததை வாசித்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் பேசுகிறார்! அவர் நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசியிருந்தாலும் நான் “ஓம் அண்ணை, விடக்கூடாது” என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படியே சொன்னேன். அவர் என் கணவரின் சட்டைப் பையிலிருந்து வான் திறப்பை எடுத்துக்கொண்டு விறுவிறென்று வெளியே போனார். இவர் எழும்பவே இல்லை.

திரும்பி வந்தபோது ஒரு கையில் ஒலிபெருக்கி, மறுகையில் பதாகை. பதாகையில் டேனிஷில் “போரை நிறுத்து” என்று இருந்தது. அதைத் திருப்பி, வெறும் பக்கத்தில் ஆரணியின் தடித்த பேனையால் “தகப்பனைப் பிரிக்காதே” என்று எழுதினார். ஒரு தடியை என் கையில் தந்தார். மற்றத் தடியைப் பிடிக்க ஆள் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு டேனிஷ் கிழவர், ஏன் எதற்கு என்று கேட்காமல், “நான் பிடிக்கட்டுமா?” என்று வாங்கிக்கொண்டார். பிடித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

ராசன் அண்ணை ஒலிபெருக்கியை வாயில் வைத்தார். வசந்தகாலத்தில் அவர் தொடங்கும் அதே வரி, அதே தொனி.

“எங்களுக்கு என்ன வேண்டும்?”

வாங்கில் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் துள்ளி எழும்பி, கண்ணைத் திறக்காமலே, கையை உயர்த்தி, “உடனடிப் போர்நிறுத்தம்!” என்று டேனிஷில் கத்தினார்.

கூடத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். கிளிகள் நாலு திசைக்கும் பறந்தன. ராசன் அண்ணை ஒலிபெருக்கியைக் கொஞ்சம் இறக்கி, “இண்டைக்கு அது இல்லை” என்றார் மெல்ல. இவர் கண்ணைக் கசக்கிப் பதாகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புறாவைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இருபது வருடக் குடித்தனத்தில் இவர் செய்த நல்ல காரியங்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் கொடுப்பேன்.

“எங்களுக்கு என்ன வேண்டும்?” “தகப்பன்!” “எப்போது வேண்டும்?” “இப்போது!” முதலில் நாங்கள் இரண்டு பேர். பிறகு கிழவர். பிறகு கிழவரின் மனைவி. தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு தாய் தாளின் முதல் வரியை வாசித்து, “இது நியாயமே இல்லை” என்று சேர்ந்துகொண்டாள். அவளும் அந்த முதல் வரியோடு நிறுத்திவிட்டாள், பாவம். டேனிஷ்காரர்கள் கத்துவதிலும் ஒழுங்கு. ஒருவருக்குப் பின்னால் ஒருவராக வரிசையில் வந்து நின்று கத்தினார்கள். ஆரணி தவளைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். “மோர், ஸ்லாப் அவ்!” என்றாள். அம்மா, கொஞ்சம் அடங்கு என்று அர்த்தம். பக்கத்தில் நின்றவரிடம் இந்த ஆட்களைத் தனக்குத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறாள்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இயக்குநரே வந்துவிட்டார். பெயர் ஹென்ரிக், நெட்டை மனிதர், ரப்பர் சப்பாத்து, கையில் பப்பாசிப்பழத் துண்டுகள் நிறைந்த வாளி. கோபப்படவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, ராசன் அண்ணை சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார். முட்டை, குளிர், தனித்துப் போகும் தாய், ஒட்டிய தாள். பிறகு விரலை உயர்த்தி, மேலே அத்தி இலைகளுக்குள் காட்டினார்.

அங்கே மூன்றாவது புறா ஒன்று இருந்தது.

“தகப்பன் எங்கேயும் போகவில்லை” என்றார். “போகப்போவது அவன். இவர்களுடைய முன்னைய குஞ்சு. வளர்ந்துவிட்டான். இங்கே அவனுக்குச் சோடி இல்லை. ஜெர்மனியில் ஒரு பெண் இருக்கிறது. இன்னொரு குடும்பம் உண்டாகட்டும் என்றுதான் அனுப்புகிறோம். கீழே எழுதியிருக்கிறது.”

ஆரணி வந்து கீழே இருந்ததை முழுதாக வாசித்தாள். சந்தேகமே இல்லை. ஊரில் பிள்ளைக்கு வயசாகிறது, ஜெர்மனியில் ஒரு நல்ல இடம் இருக்கிறது என்று பெரியவர்கள் பேசி முடித்து அனுப்புகிறார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் நடந்ததே இப்படித்தான். நாங்கள் போய் மாப்பிள்ளையை வழியனுப்பும் இடத்தில் நின்று ஒலிபெருக்கியில் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறோம்.

கிழவர் பதாகையைச் சுருட்டி, நன்றி சொல்லித் திருப்பித் தந்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல் இருந்தது. ராசன் அண்ணையைப் பார்க்கப் பயமாக இருந்தது, வாய் திறந்த முதல் நாளே இப்படி ஆனதால் இனி ஆயுளுக்கும் திறக்க மாட்டார் என்று நினைத்தேன். ஹென்ரிக்தான் காப்பாற்றினார். “மன்னிப்பெல்லாம் வேண்டாம்” என்றார். “இந்தப் பறவை இன்றைக்கு இருப்பதே ஆட்கள் சத்தம் போட்டதால்தான். ஒரு காலத்தில் துவக்கோடு படகில் போய், கூட்டுக்குத் திரும்பி வரும் புறாக்களைக் குவியல் குவியலாகச் சுட்டார்கள். இங்கே ஒன்று விழுந்தால், தீவில் அதற்காகக் காத்திருக்கும் குஞ்சும் போச்சு. அந்தப் பகுதி ஆட்கள் சிலர் கரையில் நின்று, பின்னேரம் எத்தனை திரும்பி வருகிறது என்று எண்ணினார்கள், எழுதினார்கள், கத்தினார்கள். விடவில்லை. கடைசியில் சுடுவது நின்றது. புறாக்கள் மெல்ல மெல்லப் பெருகின.”

ராசன் அண்ணை சிரிக்கத் தொடங்கினார். முதலில் நல்ல சிரிப்புத்தான். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

“ஐஞ்சு மாசம் கத்தினம் தங்கச்சி. மழைக்குள்ள, பனிக்குள்ள. ஒருத்தர் கதவு திறந்து வந்து என்னெண்டு கேக்கேல்லை. ஒரு புறாவுக்கு, அதுவும் பிழையான புறாவுக்கு, பத்து நிமிசத்தில டைரக்டரே வாளியோட வந்திட்டார்.”

அதற்குப் பிறகு அழுதார். அவ்வளவு வெளிச்சத்தில், அவ்வளவு பேர் நடுவில். நானும் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

ஹென்ரிக் எங்களை ஊழியர்களின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி ஊற்றினார். கறுவாப் பணிசும் வைத்தார். “நீங்கள் முன்பு எதற்காகக் கத்தினீர்கள்?” என்று கேட்டார். ராசன் அண்ணை மலர் அக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நடுவில் அவருடைய டேனிஷ் ஓடவில்லை. ஆரணி தானாகவே வந்து பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். வீட்டில் டெலிபோனுக்குப் பக்கத்தில் அத்தனை ஞாயிறும் இருந்த பிள்ளை, முழுக்கதையையும் அன்றைக்குத்தான் கேட்டது. ஓரிடத்தில் மொழிபெயர்க்காமல் நிறுத்திவிட்டது. பிறகு, “ராசன் மாமா, திருப்பிச் சொல்லுங்கோ” என்று தமிழில் சொன்னது. ஹென்ரிக்கால் எதுவும் செய்ய முடியாது, புறாக்காரர் அவர். கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அது பெரிய காரியம்.

மாலை நாலரைக்குக் கிளம்பி, ஏழு மணிக்குக் கோல்டிங். வழியெல்லாம் ராசன் அண்ணை பேசினார். இவருடைய வான் ஓட்டத்தில் இத்தனை பிழைகள் இருப்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

மறுநாள் ஞாயிறு. மலர் அக்காவின் மணி அடித்தது. திருப்பி எடுத்துக் கொடுத்தேன். ராசன் அண்ணை “ஹலோ” சொன்னார். பிறகு, “இஞ்சாரும், நேற்று ஒரு விசர்வேலை பாத்தம்” என்று தொடங்கினார். வான், புட்டு, முட்டை, தகப்பன், போர்நிறுத்தம், மாப்பிள்ளை, ஒன்றையும் விடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு என் குசினி வரைக்கும் கேட்டது. மலர் அக்கா போனைப் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கொடுத்து இரண்டு முறை சொல்ல வைத்தார். கடைசியில் ஒரேயொரு கேள்வி கேட்டார்: “பொம்பிளைக்குப் பிடிச்சுதாமோ?” அதனால் இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ராசன் அண்ணை ஹென்ரிக்குக்குத் தொலைபேசி எடுத்து ஜெர்மனி நிலவரம் கேட்கிறார். போன கிழமை வந்த செய்தி, இரண்டும் ஒரே கிளையில் இருக்கத் தொடங்கியிருக்கின்றன. அதை மலர் அக்காவுக்குச் சொன்னோம். “குடுத்து வைச்சதுகள்” என்றார்.

இதை எழுதும்வரை அவர் முகாமில்தான் இருக்கிறார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள் (பெயரைத் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்). பஸ்ஸில் போகலாம், ஆனால் விடுமுறை நாளில் குறைவு. கார் நல்லது, தரிப்பிடம் இலவசம். கோட்டை வாசலில் பூட்டி வைக்கப் பெட்டி உண்டு, இருபது குரோனர் நாணயக் குத்தி போட்டால் திறக்கும், திரும்பி வரும்போது குத்தியும் வரும். சொந்தச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக முடியாது, வெளியே மேசைகள் இருக்கின்றன, காற்று அடிக்கும், புட்டு பறக்கும். புறாக்களுக்குப் பழம் போடுவது ஒன்றரை மணிக்கு. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் துடைக்கத் துணி கொண்டுபோங்கள், எந்த அறிவித்தலையும் கடைசி வரிவரை வாசியுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம்.

முட்டை பொரித்துவிட்டது, குஞ்சு நலம். ஒரு முறைக்கு மேல் போகிற எண்ணம் இருந்தால் ஆண்டு அட்டைதான் லாபம், வாங்கிய நாளிலிருந்து முழுதாக ஒரு வருடம் செல்லும். ராசன் அண்ணை போன கிழமை ஒன்று எடுத்தார். இரண்டு பேருக்கானது.